முன் அனுபவம்: பதினெட்டு ஆண்டுகள்

அரவக்குறிச்சி
9-6-2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தம்பி தங்கபாண்டி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மதினிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று எழுதவும். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே வாயு ஓடுகிற இடம், தங்குகிற குவார்ட்டர்ஸும் காம்பவுண்டுக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று பேசினால் உங்களுக்கும் எனக்கும் சண்டையில் போய் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

கம்பெனிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நமக்குத் தெரிந்த வேலைதான். நம் பக்கத்தில் விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறோம். இங்கே மண்ணுக்குப் பதில் இரும்பு உலை. அதே கருவேல விறகு. நாம் வானத்தில் விட்ட புகையை இவர்கள் குழாயில் பிடித்து, வாயுவாக்கி, இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். கரியை அரைத்துக் கட்டியாக்கி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். வாசலில் பசுமை எரிபொருள் என்று பெரிய போர்டு.

என்னை ஹெல்பராக எடுத்திருக்கிறார்கள். மாதம் பதிமூவாயிரத்து ஐந்நூறு. உலையைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டருக்கு இருபத்துநாலாயிரமும் குடும்பக் குவார்ட்டர்ஸும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து தேர்வு வைத்து ஆபரேட்டர் சான்றிதழ் கொடுக்கிறார்கள். படிப்பு கேட்கவில்லை. பழைய முதலாளி தன் லெட்டர்பேடில், இவன் என்னிடம் இத்தனை வருஷம் இன்ன வேலை பார்த்தான் என்று எழுதி சீல் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் தேர்வு நடக்கிற அறைக்குள் விடமாட்டார்கள்.

உங்கள் டிப்போவில் பதினெட்டு வருஷம் மூட்டம் போட்டேன். 2006 தை தொடங்கி 2023 மார்கழி வரை. அதை நாலு வரியில் எழுதி அனுப்பினால் போதும். கம்பெனி கொடுத்த மாதிரித் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சந்தனம்மாள் உங்களிடம் கரி சலிக்கிறாள். இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அவளை அந்தத் தூசியிலிருந்து இங்கே கூட்டிவந்துவிடுவேன். எனக்கு வேறு ஆசை இல்லை அண்ணே.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி தங்கபாண்டி


திருச்சுழி
28-6-2024

தம்பி தங்கபாண்டிக்கு,

அண்ணன் நல்லமுத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அது என்னோடு சேர்ந்தே போகட்டும். உன் மதினி சர்க்கரை போடாத காப்பி குடிக்கிறாள், போடாததற்கும் சேர்த்து என்னைத் திட்டுகிறாள். சந்தனம்மாள் தவறாமல் வேலைக்கு வருகிறாள். இருமல் லேசாக இருக்கிறது. கரி டிப்போவில் இருமாதவர் யார்?

மழை இல்லை. நரிக்குடி ரோட்டில் பதினோரு ஏக்கர் கருவேலங்காடு ஏலம் எடுத்திருக்கிறேன். உன் கம்பெனி மாதிரி நாலைந்து வந்த பிறகு விறகாகவே லோடு ஏற்றிவிடுவது லாபமாக இருக்கிறது. மூட்டம் போட்டு, ஏழெட்டு நாள் காவல் காத்து, கரியாக்கி விற்கிற தொல்லை இல்லை. சில்லறைக்கு வேண்டிய கரியை வெளியில் வாங்கிச் சலித்துக்கொள்கிறோம். நீ போன பிறகு வேறு மூட்டக்காரனைத் தேட வேண்டிய வேலை எனக்கு மிச்சம். மனசில் வைத்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன்.

நீ கேட்ட தாள் விஷயம். லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது. அருப்புக்கோட்டை பிரஸ்ஸில் கொடுத்திருக்கிறேன். அதற்குள் நீ சில விவரம் எழுது. எத்தனை ஆபரேட்டர் இடம் காலியாக இருக்கிறது? உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் தேர்வு எழுதலாமா, வெளியாளும் எழுதலாமா? யார் மேனேஜர்? என்ன கேள்வி கேட்பார்கள், அதற்கு நீ என்ன பதில் சொல்வாய்? ஒன்றுவிடாமல் எழுது. தாள் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல என்று ஆகிவிடக் கூடாது.

மாப்பிள்ளை சதீஸ்குமார் அருப்புக்கோட்டையில் வைத்திருந்த செல்போன் கடையை மூடிவிட்டார். மாரீஸ்வரியும் அவரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். இருபத்தேழு வயசு ஆம்பிளை மத்தியானம் வரை படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் நல்லமுத்து


அரவக்குறிச்சி
7-7-2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தம்பி தங்கபாண்டியின் வணக்கம். நான் நலம். மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். மாரீஸ்வரி வீட்டோடு இருப்பது ஒரு வகையில் உங்களுக்குத் துணைதான்.

இடம் ஒன்றே ஒன்றுதான் காலி. வெளியாளும் எழுதலாம். ஆனால் கருவேல விறகோடு மாரடித்தவன் இந்தப் பக்கம் யார் இருக்கிறான், எனக்குப் போட்டி இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். மேனேஜர் பெயர் ராஜகுரு. நல்ல மனுஷர், ஆனால் தாளில் இருப்பதைத்தான் நம்புவார்.

கேள்வி முக்கால்வாசி புகையைப் பற்றித்தான் இருக்கும் என்கிறார்கள். நான் சொல்லப்போகிற பதில் இது. முதலில் கெட்டியாக வெள்ளைப் புகை வரும். அது விறகில் இருக்கிற தண்ணீர். அப்புறம் மஞ்சள் ஏறி, கண்ணைக் கரித்துக்கொண்டு வரும். அதுதான் வாயு, அதைக் குழாயில் விட வேண்டும். கடைசியில் மெலிசாக நீலம் வரும். நீலம் வந்துவிட்டால் உள்ளே எல்லாம் கரியாகிவிட்டது. அப்போது எல்லா ஓட்டையையும் அடைத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். நீலம் வந்த பிறகு மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றி வெளியே அடிக்கும். திறந்தவன் முகம் மிஞ்சாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதினேன். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. தாள் வந்து சேர்ந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
தங்கபாண்டி


திருச்சுழி
19-8-2024

தம்பிக்கு,

அண்ணன் நல்லமுத்து. எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான் சாக்குச் சொல்கிற ஆள் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்கிற மாதிரி எழுத முடியாது. நேரடியாகவே சொல்கிறேன். பதினெட்டு வருஷம் என்னிடம் வேலை பார்த்தான் என்று லெட்டர்பேடில் எழுதி சீல் வைத்தால், அது உன் கம்பெனிக்கு மட்டும் எழுதினதாக இருக்காது. நாளைக்கு லேபர் ஆபீஸர் எடுத்துப் பார்த்து, சம்பள நோட்டு எங்கே, பி.எஃப். எங்கே, பணிக்கொடை எங்கே என்று கேட்பான். உனக்குச் சம்பளம் என்று நான் கொடுத்ததும் இல்லை, நீ கேட்டதும் இல்லை. உன் கல்யாணத்தை நான் செய்தேன், வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தேன், தீபாவளிக்கு வேட்டி சேலை குறை வைத்ததில்லை. மூன்று வேளையும் என் வீட்டுச் சோறு. அண்ணன் தம்பிக்குள் இருந்ததை முதலாளி தொழிலாளி என்று நானே எழுதிக் கொடுத்தால் அது எனக்கு நானே வைக்கிற கொள்ளி. சைக்கிளில் விறகு கட்டி விற்று மேலே வந்தவன் நான். ஒரு கையெழுத்தில் இதை இழக்கமாட்டேன்.

உன்னை வெறுங்கையோடும் விடவில்லை. வேறு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். விறகு லோடு ஏற்ற இறக்க அவ்வப்போது உதவியவர், நல்ல நடத்தை உள்ளவர் என்று. இதைக் காட்டிப் பார்.

மாப்பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் இண்டர்வியூ வந்திருக்கிறது. இந்த ஆவணி நல்லபடியாக இருக்கும் என்று தோன்றுகிறது. சந்தனம்மாள் சௌக்கியம்.

அண்ணன்
நல்லமுத்து


அரவக்குறிச்சி
2-9-2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் மதினியும் நலம் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை தேர்வு நடந்தது. நீங்கள் அனுப்பிய தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பப்ப லோடு ஏத்துனவன உள்ள விட்டா என்னையத்தான கேப்பாங்க" என்று சொல்லி அதை ஃபைலில் வைத்துக்கொண்டார். எட்டு மாதமாக என் வேலையைப் பார்க்கிறவர்தான். முகத்தில் சங்கடம் இருந்தது, ஆனால் விடவில்லை. நான் வெளியே விறகுக்குவியல் பக்கம் நின்றேன்.

அப்போது மாப்பிள்ளை சதீஸ்குமார் பைக்கில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து, "என்ன மாமா, நீங்களும் இங்கதானா?" என்றார். கையில் உங்கள் லெட்டர்பேடு இருந்தது. எட்டு வருஷம் நல்லமுத்து விறகு கரி டிப்போவில் தலைமை மூட்டக்காரர் என்று அதில் எழுதியிருந்ததாம். மேனேஜர் சத்தமாகப் படித்ததால் எனக்கும் கேட்டது.

ஜன்னல் திறந்திருந்தது. சென்னை ஆட்கள் புகையைப் பற்றிக் கேட்டார்கள். மாப்பிள்ளை நன்றாகப் பதில் சொன்னார். கெட்டியாக வெள்ளை, கண்ணைக் கரிக்கிற மஞ்சள், மெலிசாக நீலம், பன்னிரண்டு மணி நேரம். திறந்தவன் முகம் மிஞ்சாது என்பதையும் விடவில்லை. நான் எழுதியது வரிசை மாறாமல் அப்படியே வந்தது.

அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. இருபத்துநாலாயிரம். நான் அவருடைய ஷிப்டில் ஹெல்பர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த எட்டு வருஷத்தில் மூட்டம் எரிந்த ராத்திரிகளில் யார் முழித்திருந்தது?

தங்கபாண்டி


திருச்சுழி
15-9-2024

தம்பி தங்கபாண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மாரீஸ்வரிக்கு மூன்று மாதம். நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன்.

நீதான் முழித்திருந்தாய். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்கிற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் உனக்குப் பிடிக்காது. உனக்கு எழுதிக் கொடுத்தால் என்மேல் கேஸ் வரும். மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் வராது, அவர் என்மேல் கேஸ் போட்டால் தன் பெண்டாட்டி சொத்தின் மேலேயே போட்ட மாதிரி. ஒரு இடம் இருந்தது, இரண்டு பேர் இருந்தீர்கள். நீ எனக்குத் தம்பி, அவர் என் மகளுக்குத் தாலி கட்டியவர். நீ பதிமூவாயிரத்தில் பிழைத்துக்கொள்வாய், உனக்கு அந்தத் திராணி உண்டு. அவர் பிழைக்கத் தெரியாதவர். வியாபாரத்தில் நான் இப்படித்தான் கணக்குப் பார்ப்பேன், குடும்பத்திலும் அப்படித்தான் பார்த்தேன்.

இப்போது ஒரு உதவி. அவர் வாயால் பதில் சொல்லிவிட்டார், கண்ணால் பார்த்துப் பழகவில்லை. நீ பக்கத்தில் நின்று, நாலு பேருக்குத் தெரியாமல் எடுத்துச் சொல்லு. மாரீஸ்வரி உன் தோளில் வளர்ந்த பிள்ளை. சந்தனம்மாளுக்கு இங்கே ஒரு நாள் கூலிகூட நான் பிடித்ததில்லை என்பதையும் நினைத்துக்கொள்.

அண்ணன்
நல்லமுத்து


அரவக்குறிச்சி
20-10-2024

அண்ணன் அவர்களுக்கு,

நான் நலம். மாரீஸ்வரியை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லவும். டவுன் ரோட்டில் பைக்கில் அழைத்துப் போக வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி ஒரு மாதம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். விடியக்காலை வெளிச்சத்தில் மஞ்சளும் நீலமும் ஒன்றுபோல் தெரியும், கழுத்தைச் சாய்த்து வானத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். முதலில் கேட்டுக்கொண்டார். போன வாரம் நீலம் வந்த பிறகும் மூடியைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். லோடு ஏற்றுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமா, ஒங்க வேலையப் பாருங்க. இங்க நாந்தான் ஆபரேட்டரு" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவர் நேரே போய் மேனேஜரிடம் புகார் சொல்லிவிட்டார்.

ராஜகுரு சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஆபரேட்டர் வேலையில் ஹெல்பர் தலையிடமாட்டேன், உத்தரவு சொல்லமாட்டேன் என்று. மீறினால் வேலை போய்விடும். அதனால் இனிமேல் நான் வாய் திறப்பதற்கில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சந்தனம்மாள் எழுதியிருந்தாள். எச்சில் கறுப்பாக வருகிறதாம். அவளைச் சலிக்கிற இடத்திலிருந்து மாற்றி, எடை போடுகிற பக்கம் உட்கார வைக்க முடியுமா? கேட்டுக்கொள்கிறேன்.

தங்கபாண்டி


திருச்சுழி
12-11-2024

தம்பிக்கு,

எல்லாரும் நலம். தீபாவளி நல்லபடியாக ஆயிற்று. சந்தனம்மாளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன், உனக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டை டாக்டரிடம் அவளைக் காட்டினேன். மருந்து கொடுத்திருக்கிறார். அந்தச் செலவு முந்நூற்று எண்பது ரூபாயை வாரக்கூலியில் பிடித்துக்கொண்டேன், அவளே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எடை போடுகிற இடத்தில் படித்த பையன் இருக்கிறான், மாற்ற முடியாது.

மாப்பிள்ளை இளம் ரத்தம். நீ பெரியவன், பொறுத்துப் போ.

நல்லமுத்து


திருச்சுழி
8-12-2024

தம்பி தங்கபாண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. நேற்று கரூர் ஆஸ்பத்திரியில் உன்னையும் பார்த்தேன். சுற்றி ஆட்கள் இருந்ததால் பேச முடியவில்லை. இரண்டு கையிலும் கட்டைப் பார்த்தேன். ஆண்டவன் உயிரை விட்டு வைத்தான்.

மாப்பிள்ளைக்கு இடது கண் போய்விட்டது. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. மாரீஸ்வரியை இன்னும் உள்ளே விடவில்லை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை.

ராஜகுருவிடம் பேசினேன். பதினாறாம் தேதி விசாரணை. மூடியைத் திறந்தது ஆபரேட்டர் தப்பு என்று முடிவானால் வேலையும் போகும், ஆஸ்பத்திரிச் செலவையும் கம்பெனி கொடுக்காதாம். சென்னைக்குக் கொண்டுபோய் அடுத்த கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும்.

நீ திறந்ததாகச் சொல்லிவிடு. ஹெல்பர் தெரியாமல் திறந்துவிட்டான் என்றால் கதை முடிந்தது. உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அவர்களுக்கு என்ன இருக்கிறது? கிரேடு இல்லை, சான்றிதழ் இல்லை. போகிற சம்பளத்தை மாதாமாதம் நான் தருகிறேன். உன் மகளாக இருந்தால் செய்யமாட்டாயா? இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

நல்லமுத்து


கரூர் ஆஸ்பத்திரி
12-12-2024

அண்ணன் அவர்களுக்கு,

தங்கபாண்டி சொல்ல, பக்கத்துக் கட்டில் செல்லப்பாண்டி எழுதுகிறார். என் கை இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கிறது. வலி குறைந்திருக்கிறது. மாரீஸ்வரிக்கு ஆறுதல் சொல்லவும்.

இரண்டாம் தேதி திங்கட்கிழமை விடியற்காலை. மாப்பிள்ளைதான் திறந்தார். உலை ஒரே மூச்சில் வெளியே அடித்தது. சட்டை பற்றி எரிய அவர் உலைமேலேயே சாய்ந்தார். நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இரும்பில் என் கை ஒட்டிக்கொண்டது. இழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் திறந்ததாகச் சொல்லமாட்டேன். திறக்கத் தெரியாமல் திறந்தேன் என்று என் வாயால் சொல்ல முடியாது. வேறு எது கேட்டாலும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை இன்னொருவர் கையால் எழுத முடியாது.

தங்கபாண்டி


நல்லமுத்து விறகு கரி டிப்போ
நரிக்குடி ரோடு, திருச்சுழி
14-12-2024

மேனேஜர் திரு. ராஜகுரு அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். தங்கள் கம்பெனியில் ஹெல்பராக வேலை பார்க்கும் திரு. தங்கபாண்டி 2006 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை பதினெட்டு ஆண்டுகள் என் டிப்போவில் முழுநேரமாக மூட்டம் போடும் வேலை பார்த்தவர் என்று சான்று அளிக்கிறேன். ஆண்டுக்கு நாற்பது மூட்டத்துக்குக் குறையாமல் அவர் கையால் எரிந்திருக்கிறது. ஒரு மூட்டம்கூடத் தீப்பற்றி வீணானதில்லை. இந்தத் தாலுகாவில் அவரைப்போல் புகை பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நூறடி தூரத்திலிருந்து, விறகு எத்தனை நாள் வெட்டியது என்றுகூடச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது புகை நிறம் மாறியதைக் கவனிக்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தும் அவர் எச்சரிக்காததே விபத்துக்குக் காரணம் என்பதைத் தங்கள் விசாரணையில் கருத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. நல்லமுத்து
உரிமையாளர்
(முத்திரை)


திருச்சுழி
27-1-2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தம்பி தங்கபாண்டி சொல்ல, சந்தனம்மாள் எழுதுகிறாள். பொங்கலன்று ஊருக்கு வந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறோம். இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது என்று தபாலில் அனுப்புகிறேன். மதினிக்குச் சர்க்கரை மறுபடி ஏறியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கவலைப்படுகிற நேரத்தில் ஏறத்தான் செய்யும், மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லவும்.

விசாரணையில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜகுரு சார் மேஜையில் உங்கள் லெட்டர்பேடுத் தாள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆகஸ்டில் கொடுத்தது ஒன்று, அவ்வப்போது லோடு ஏற்றியவர் என்று. டிசம்பரில் கொடுத்தது ஒன்று. அதைச் சத்தமாகப் படித்தார். தாலுகாவிலேயே என்னைப்போல் புகை பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்கிற இடத்தில் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையின் எட்டு வருஷத் தாளும் ஃபைலில் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார் அண்ணே. "ரெண்டும் ஒரே ஆளு கையெழுத்து. எது நெசம்? மொதத் தாளுதான் நெசம்னா ஒனக்கு ஒண்ணும் தெரியாது, ஒம்மேல தப்பு இல்ல. யோசிச்சுச் சொல்லு" என்றார். யோசிக்க ஐந்து நிமிஷம் கொடுத்து, டீ வாங்கி வரச் சொன்னார். எனக்குக் குடிக்கக் கை இல்லை. ஒரு ஆள் வாயில் ஊற்றினான்.

"ரெண்டாவதுதான் சார் நெசம்" என்றேன்.

"அப்ப நீலம் வந்ததப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது உங்கள் ஃபைலில் இருக்கும் என்றேன். இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவர் ஃபைலை மூடினார். அப்புறம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வைத்தியம் நடக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது.

அன்றைக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதச் சொல்கிறேன். நீலம் வந்ததைப் பார்த்தேன். அவர் கை மூடிக்குப் போனதையும் பார்த்தேன். இடையில் பத்து எண்ணுகிற நேரம் இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டதால்தான் சும்மா இருந்தேன் என்று ராஜகுரு சாரிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான். அடித்த பிறகு கை தானாகப் போய் அவரைப் பிடித்தது. மாரீஸ்வரிக்கு இது தெரியாது. நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் ஆள் அனுப்பியிருந்தீர்கள். ஏலம் எடுத்த கருவேலங்காட்டில் காவலுக்கு வரலாம், கை சரியில்லாததால் பாதிக் கூலி என்று. சந்தனம்மாள் இனி கரி சலிக்க வரமாட்டாள், நானும் காவலுக்கு வரவில்லை. உங்கள் டிசம்பர் தாளின் நகலைக் கம்பெனி முத்திரையோடு கேட்டு வாங்கினேன். ராஜகுரு சார் மறுக்காமல் கொடுத்தார். வேறு எந்த உலைக்கும் அதைக் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை, என் விரல்கள் மடங்கவில்லை. அதனால் விருதுநகர் லேபர் ஆபீஸில் கொடுத்தேன். பதினெட்டு வருஷச் சம்பளமும் பணிக்கொடையும் கேட்டு மனு. கையெழுத்துப் போட முடியவில்லை, ரேகை வைக்கலாம் என்றார்கள். ரேகை எல்லாம் உலையிலேயே போய்விட்டது. சந்தனம்மாளைச் சாட்சியாக வைத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி பதினாலாம் தேதி உங்களைக் கூப்பிடுவார்கள். வக்கீல் வைத்துக்கொள்வீர்கள், அது உங்கள் இஷ்டம். தாளைக் காட்டி ஒரு கேள்விதான் கேட்பார்களாம், இதில் எழுதியிருப்பது நிஜமா என்று.

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே. நானும் அப்படித்தான் சொன்னேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

தம்பி,
தங்கபாண்டி